பிளேட்லெட்டையே எண்ணிக்கொண்டிருந்த நான்கு நாட்கள்

சென்ற ஐப்பசி மழையில் என் மகனின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. அவனுக்கும் வந்தது. ஒன்பது வயது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பள்ளிக்கூடம் போனான். ஆறாம் நாள் முகம் வெளுத்து, இமைகள் தடித்து, சோறு வேண்டாம் என்று சுருண்டுவிட்டான்.

பக்கத்து நகரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களான பிளேட்லெட் 52,000. மழைக்காலம், காய்ச்சல், குறைந்த பிளேட்லெட் என்றால் டெங்குதான் என்று முடிவுகட்டினார்கள். பரிசோதனை முடிவோ, டெங்கு இல்லை என்று வந்தது. "சில நேரம் அப்படித்தான் காட்டும்" என்றார்கள். நான்கு நாளும் காலையில் ஊசி குத்தி எண்ணினார்கள். 52, 44, 38, 31. உறவினர் எல்லாரும் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள். பப்பாளி இலைச்சாறு, நிலவேம்புக் கஷாயம் எதையும் விடவில்லை.

அந்த நான்கு தாள்களும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. பிளேட்லெட்டுக்குச் சில வரிகள் மேலேயே ஹீமோகுளோபின் இருக்கிறது: 10.8, 9.1, 7.4, 6.2. ஒருவரும் அதைப் படிக்கவில்லை. டெங்கு முற்றினால் இரத்த நாளத்திலிருந்து நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படும். டெங்குவில் எங்கும் இரத்தப்போக்கு இல்லாமல் ஹீமோகுளோபின் நாலு நாளில் இப்படிச் சரியாது. இதை எனக்குப் பிறகு மதுரையில்தான் சொன்னார்கள்.

சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில், ஒரு நாளைக்கு அரை டம்ளர்கூட வரவில்லை. இரண்டாம் நாளே நர்ஸிடம் சொன்னேன். "தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான் போல, இளநீர் கொடுங்களம்மா" என்றார். தினமும் மூன்று இளநீர் கொடுத்தேன். வேலை செய்யாத சிறுநீரகத்துக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடியது என்று தெரிந்த பிறகு, பல இரவுகள் எனக்குத் தூக்கம் இல்லை. கைவழியாகக் குளுக்கோஸும் ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே போனது அத்தனையும் வெளியேற வழியில்லாமல் கால், முகம், வயிறு என்று தேங்கியது.

நான்காம் நாள் பிளேட்லெட் ஒரு பை ஏற்றினார்கள். மறுநாள் விடியற்காலை அவனுக்கு வலிப்பு வந்தது. அப்போதுதான் முதன்முறையாக இரத்த அழுத்தம் பார்த்தார்கள்: 160/110. அதுவரை ஏன் பார்க்கவில்லை என்று என் கணவர் கேட்டதற்கு, "பிள்ளைகள் கையில் சுற்றும் சின்னப் பட்டை இங்கே இல்லை" என்றார்கள். அந்தப் பதில் இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஆம்புலன்ஸில் மதுரை. குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர் முதலில் கேட்டவை இரண்டே கேள்விகள். "சிறுநீர் எத்தனை மில்லி போனான்? வயிற்றுப்போக்கில் இரத்தம் போனதா?" இரண்டாவதற்கு இல்லை என்றேன். முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரும் அளக்கச் சொல்லவில்லையே. ஒரு மணி நேரத்தில் இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். சிவப்பணுக்கள் துண்டு துண்டாக உடைந்து கிடந்தன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4.1. அணுக்கள் உடையும்போது கூடும் எல்டிஎச் மூவாயிரத்தை நெருங்கியிருந்தது.

நோயின் பெயர் ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம். சிவப்பணுக்கள் உடைந்து, பிளேட்லெட் குறைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் நோய். அதிலும் வயிற்றுப்போக்குக் கிருமியால் வராத, அபூர்வமான வகை. நம் இரத்தத்தில் கிருமிகளை அழிக்கும் புரதங்கள் உண்டு. அவை நம் சொந்த அணுக்களைத் தாக்காமல் ஃபேக்டர் எச் என்று ஒரு புரதம் காவல் நிற்கிறது. சில பிள்ளைகளின் உடம்பு அந்தக் காவல்காரனுக்கே எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கிவிடுகிறது. இப்படி ஒன்று இருப்பதையே மருத்துவ உலகம் 2005இல்தான் கண்டுகொண்டதாம். ஆனால் இந்தியாவில் இந்த அபூர்வ வகை வரும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த எதிர்ப்பொருள்தான் காரணம்.

"காய்ச்சலால் வந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். "வைரஸ் கிழித்துப் போட்ட தீக்குச்சி. வெடிமருந்து ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது" என்றார். விருதுநகர் மாவட்டத்துக்காரிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அதே காய்ச்சல் வந்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் நான்காம் நாள் விளையாடப் போய்விட்டார்கள். பிளேட்லெட் ஏற்றியதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. இரத்தப்போக்கு இல்லாதவரை இந்த நோயில் அதைத் தவிர்ப்பார்களாம்.

இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டுப் பிறர் கொடுத்ததை ஏற்றுவதுதான் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. அதற்கு முன்பு டாக்டர் ஒரு காரியம் செய்தார், அவருக்குக் கோடிப் புண்ணியம். இரண்டு குழாய் இரத்தம் எடுத்து, தெளிநீரைப் பிரித்து, ஒன்றை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, மற்றதை உறையவைத்துப் பத்திரப்படுத்தச் சொன்னார். பிறர் பிளாஸ்மா உள்ளே போய்விட்டால் எதிர்ப்பொருள் அளவு பொய்யாகிவிடும். அனுப்பிய குழாய் சனி, ஞாயிறு முழுவதும் கூரியர் அலுவலகத்தில் கிடந்து, பனிக்கட்டி கரைந்து, "ஏற்க இயலாது" என்று திரும்பியது. உறைந்திருந்த இரண்டாவது குழாய் இல்லையென்றால் நோய்க்கு ஆதாரமே போயிருக்கும். இந்த நிலையில் யார் இருந்தாலும் இதைக் கேளுங்கள்: பிளாஸ்மாவுக்கு முன் இரத்தம் எடுத்தாயிற்றா, ஒரு பகுதி எடுத்து வைத்திருக்கிறீர்களா? பெட்டியை வெள்ளிக்கிழமை அனுப்பவே விடாதீர்கள்.

அடுத்த போராட்டம் பிளாஸ்மாவுக்கு. 24 கிலோ பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் எட்டுப் பை. தினமும். இவன் பி பிரிவு. இரத்த வங்கியில் ஐந்து பைதான் இருக்கிறது, நாளை வாருங்கள் என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவர் சொன்னார். ஏபி பிளாஸ்மா இருக்கிறதா என்று கேட்டேன். "ஏபி இரத்தம் பி-க்கு ஏறாதம்மா, தெரியாமல் பேசாதீர்கள்" என்று அதட்டினார். இரத்தத்துக்கு அவர் சொன்னது சரி. பிளாஸ்மாவுக்குக் கணக்கு தலைகீழ். ஏபி பிளாஸ்மா எல்லாப் பிரிவுக்கும் பொருந்தும். காலையில்தான் டாக்டர் அதை எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தாளை நீட்டினேன். உள்ளே போய் மருத்துவரைக் கேட்டுவந்து, ஒன்றும் பேசாமல் மூன்று ஏபி பைகளை எடுத்து வைத்தார். அந்த வாரத்தில் நான் நிமிர்ந்து நடந்த முதல் நேரம் அதுதான். வாங்கியதற்கு ஈடாக இரத்தம் கொடுக்க என் கணவர் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து பதினொரு பேர் வேனில் வந்தார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை டயாலிசிஸுக்குத் துணைநின்றது, ஆனால் அதற்கு முன் ஒரு முழுநாள் வீணாயிற்று. வருமானச் சான்று இருந்தது, ஆதார் இருந்தது, ரேஷன் அட்டையில் மகன் பெயர் மட்டும் இல்லை. பிறந்ததிலிருந்து சேர்க்க வேண்டும், சேர்க்க வேண்டும் என்று தள்ளிப்போட்டது. என் கணவர் ஊருக்கும் மதுரைக்குமாக அலைந்து பெயர் சேர்த்துவந்தார். உங்கள் பிள்ளை பெயர் அட்டையில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு நாங்கள்தான் பணம் கட்டினோம்.

கழுத்தில் குழாய் போட்டது, நான்கு டயாலிசிஸ், தினமும் பிளாஸ்மா. பிளாஸ்மா ஓடும்போது உதடு மதமதக்கிறது என்று அழுவான். கால்சியம் கொடுத்ததும் அடங்கும். நான் ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு சொட்டையும் அளந்து எழுதினேன். ஐந்தாம் நாள்வரை பக்கம் பூஜ்யம், பத்து, பூஜ்யம். ஆறாம் நாள் காலை, "அம்மா, முட்டுகிறது" என்றான். நாற்பது மில்லி. அளவுக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினேன். மறுநாள் முந்நூற்றைம்பது.

அந்த வாரமே முடிவும் வந்தது. எதிர்ப்பொருள் 8,400; அந்த ஆய்வகத்தின் அளவுகோலில் 150க்குள் இருக்க வேண்டியது. எதிர்ப்பொருள் உண்டாவதை அடக்க ஸ்டீராய்டும், மாதம் ஒரு சைக்ளோபாஸ்பமைடு ஊசியும் தொடங்கினார்கள்.

இப்போது கிரியேட்டினின் 0.6. இரத்த அழுத்த மாத்திரை ஒன்று மட்டும் தொடர்கிறது. எதிர்ப்பொருள் 700க்கு இறங்கியிருக்கிறது; 1,300ஐத் தாண்டினால் நோய் திரும்பும் அபாயம் கூடும் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கிறார்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் இந்த மருந்துகள் முடியும்வரை கூடாது. சளி பிடித்தால் மறுநாளே சிறுநீர், இரத்த அணுக்கள், எல்டிஎச், கிரியேட்டினின் பரிசோதனை. பையில் பிள்ளைகளுக்கான பட்டையோடு ஒரு இரத்த அழுத்தக் கருவி எப்போதும் இருக்கிறது.

நேற்று முதல் அவனுக்கு மூக்கு ஒழுகுகிறது. காலையில் அழுத்தம் 104/66, சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வந்தது. நோட்டில் எழுதிவிட்டு, எட்டு மணிப் பஸ்ஸில் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.