டெக் பி1 பாஸ்: என்னை ஒரு வருஷம் அலையவிட்ட 'ப்யன்'

போன வாரம் ரிசல்ட் வந்துச்சு, ஐரிஷ் மொழித் திறனுக்கு வைக்கிற டெக் பரீட்சைல பி1ங்கிற நடு லெவல் பாஸ், ரெண்டாவது அட்டெம்ப்ட். முதல் தடவை லிஸனிங்ல போச்சு. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல.

எல்லாம் 'ப்யன்'னு ஒரு சொல்லால. பொண்ணுன்னு அர்த்தம், முதல் வாரமே படிச்சிருப்பீங்க. டப்ளின்ல பாத்ரூம் கதவுல 'ம்னா'ன்னு போட்டிருக்கும்ல, அதான் இதோட பன்மை. எழுத்துல எனக்கு எல்லா ரூபமும் தண்ணிபட்ட பாடு. ஆனா ஆடியோல ஒரு அம்மா 'ம்ரா'ன்னு வேகமா சொல்லிட்டுப் போனாங்க, நான் வேற ஏதோ சொல்லுன்னு அதுலயே நின்னுட்டேன், அதுக்குள்ள அடுத்த ரெண்டு கேள்வியும் போயிடுச்சு. அயர்லாந்துல மேற்க கானமரா, வடமேற்க டானிகால் பக்கம் ம்னாவ ம்ரான்னு தான் சொல்வாங்க, தெற்க மன்ஸ்டர்ல தான் எழுத்துல இருக்கிற மாதிரியே ம்னா.

வீட்டுக்கு வந்து இந்த சொல்லோட பூர்வீகத்தத் தோண்டினேன். ஐரிஷ், கிரேக்கம், இங்கிலீஷ் எல்லாத்துக்கும் மூலமான ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியில 'க்வென்' மாதிரி இருந்திருக்கு. கிரேக்கத்துல 'குனே', கைனகாலஜிஸ்ட்ல இருக்கிறது அதான். இங்கிலீஷ்ல குயீன். ஐரிஷ் இருக்கிற கெல்டிக் கிளையில 'க்வ' சத்தம் 'ப' ஆயிடுச்சு. சில வேற்றுமையில நடு உயிர் விழுந்து 'ப்னா'ன்னு நின்னு, பக்கத்து 'ன்' இழுத்து 'ப்' மூக்கொலியாகி 'ம்னா'. இது புரிஞ்ச நாள்லேர்ந்து மனப்பாடம் பண்ற வேலையே இல்ல.

காதுக்கு வரவேண்டியது இவ்ளோ தான்:

- அன் வ்யன்: அந்தப் பொண்ணு
- ந ம்னா: அந்தப் பொண்ணுங்க
- கோத்தா ந ம்னா: அந்தப் பொண்ணோட கோட்டு. இங்க ம்னா ஒருமை!
- கோத்தீ ந மன்: அந்தப் பொண்ணுங்களோட கோட்டுங்க

கடைசி தான் ஆபத்து. எழுத்துல ப இருக்கும், அதுக்கு முன்னாடி ம வந்து உக்காந்து பயோட சத்தத்தயே முழுங்கிடும், காதுல இங்கிலீஷ் 'மேன்' மாதிரி விழும். 1914ல டப்ளின்ல ஆரம்பிச்ச பெண்கள் படை 'கும்மன் ந மன்', அந்தப் பேரச் சொல்லிப் பழகுங்க, ரூபம் தானா வந்துடும். நமக்குச் சொல்லோட வால் மாறித் தான் பழக்கம், இங்க தலை மாறுது, அதனால முதல் எழுத்த நம்பாதீங்க.

டேபிள் போட்டுப் படிக்கிறது எனக்கு ஒத்துவராது. தினம் பஸ்ல அரை மணி ஐரிஷ் மொழி ரேடியோவான ரேடியோ ந கேல்தக்தா, முக்கியமா டானிகால் ஆளுங்க பேசுறது. ரைட்டிங்குக்குத் தனியா ஒண்ணும் பண்ணல. ரெண்டாவது தடவை ஆடியோல 'ம்ரா' வந்துச்சு, கை நிக்காம எழுதிச்சு.