கீழக்கரை வீட்டில் தண்டுச்செடித் தொட்டி: 13 மாத அனுபவம்

சென்ற ஆண்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில் இந்தத் தொட்டியைத் தொடங்கினேன். நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 30 செ.மீ.; மணல் போக உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 45 லிட்டர். எட்டுக் கப்பி மீன்கள் இருந்தாலும் இது செடிகளுக்காகவே வைத்த தொட்டி. கடல் நடந்துபோகும் தொலைவில் இருக்க, கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத ஒரு வீட்டில் நன்னீர்ச் செடிகளை வளர்க்க விரும்புகிறவர்கள் இந்தக் கரையோரத்தில் இன்னும் சிலராவது இருப்பார்கள்; என் குறிப்பேட்டில் உள்ளவை அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கிழங்கோ வேர்க்கட்டையோ இல்லாமல், தண்டு மேல்நோக்கி நீண்டு, கணுவுக்குக் கணு இலை விடும் வகைகளையே தண்டுச்செடிகள் என்கிறோம். நான் நட்டவை நான்கு. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியா, லுட்விஜியா ரெபன்ஸ் ஆகிய மூன்றும் சென்னையிலிருந்து பார்சலில் வந்தன. நான்காவது நீர்ப்பிரம்மி. சித்த மருந்துகளில் சேர்க்கும் அதே நீர்ப்பிரம்மிதான். மழைக்குப் பின் ஊரணிக் கரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடந்ததில் பத்துத் தண்டுகளைக் கிள்ளி வந்து, நத்தை முட்டை ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காக ஒரு வாரம் வாளியில் தனியே போட்டு வைத்திருந்து நட்டேன்.

அடியில் போட்டது ஆற்று மணல். எங்கள் பக்கத்து மணலை ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகரை ஊற்றியபோது சோடாவைப் போல் நுரைத்தது. அதில் கலந்திருக்கும் சிப்பித் துகள் கரைந்துகொண்டே இருந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டு போடலாமா என்று ஒருவர் கேட்டார். அது தண்ணீருக்கும் ஆகாது. பவளத்தைக் கரையிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நட்ட பத்தாம் நாளுக்குள் ரொட்டாலாவின் இலைகள் கண்ணாடித்தாள் போல் வெளிறிக் கரைந்து உதிர்ந்தன. இதில் பயப்பட ஒன்றுமில்லை. பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் ஈரமான காற்றில், நீருக்கு வெளியே தலை நீட்டியபடி வளர்க்கிறார்கள். அங்கே விட்ட இலை வட்டமாக, தடித்த மேல்தோலோடு இருக்கும். ரொட்டண்டிஃபோலியா என்ற பெயரே வட்ட இலையைக் குறிப்பதுதான். நீருக்குள் அந்த இலையால் பிழைக்க முடியாது. செடி அதைக் கைவிட்டுவிட்டு, நுனியிலிருந்து குறுகலான, மெல்லிய, நீருக்குரிய இலையைப் புதிதாக விடுகிறது. ஒரே தண்டில் கீழ்க்கணுவில் வட்ட இலையும் மேல்கணுவில் ஈட்டி போன்ற இலையும் இருந்த அந்த இரண்டு வாரங்களை நான் மிகவும் விரும்பிப் பார்த்திருந்தேன். தண்டு கெட்டியாக இருக்கும்வரை செடியைப் பிடுங்கி எறியக் கூடாது. கரைந்த இலைகளை மட்டும் அன்றாடம் எடுத்துவிட்டால் போதும்.

பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். ஹைக்ரோஃபிலா வாரத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. விளக்கு எரியத் தொடங்கிய மூன்றாம் மணி நேரத்தில் இலையடிகளிலிருந்து முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழிகள் கிளம்பின. பள்ளிக்கூட ஆய்வகத்தில் புனலுக்கடியில் ஹைட்ரில்லாவை வைத்துப் பார்த்ததை வீட்டுக் கூடத்திலேயே தினமும் பார்க்கக் கிடைத்தது.

ஏப்ரலில் வெயில் ஏறியது. தொட்டியின் வெப்பம் 32 பாகையைத் தொட்டது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் வாயுவின் அளவு குறையும். 25 பாகையில் லிட்டருக்கு 8.3 மி.கி. வரை நிற்கும் ஆக்சிஜன் 32 பாகையில் 7.3 மி.கி.தான் நிற்கும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடின. ஆகவே கணினிக்குள் பொருத்தும் சிறு மின்விசிறிகள் இரண்டை வாங்கி, தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று படும்படி வைத்தேன். இரண்டரைப் பாகை குறைந்தது. மீன்கள் கீழே இறங்கி வழக்கம்போல் நீந்தின. அந்த நிம்மதியில்தான் பெரிய தவறு தொடங்கியது.

விசிறி வைத்த பிறகு நாளொன்றுக்கு எட்டு மில்லிமீட்டர் தண்ணீர் வற்றியது. அதாவது ஒன்றரை லிட்டர். குறைந்ததை ஒவ்வொரு நாளும் குழாய் நீரால் நிரப்பினேன். எங்கள் குழாய் நீரில் கரைந்த உப்புகளின் அளவு 620 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு 620 மி.கி.) என்பதை மீட்டரில் பார்த்திருந்தேன். வீட்டுக் கிணற்றில் அது 2,800ஐத் தாண்டும் என்பதால் 620 எனக்கு நல்ல தண்ணீராகவே பட்டது. கோடையில் தண்ணீர் வருவது குறைந்ததால், வாரந்தோறும் 10 லிட்டர் மாற்றிக்கொண்டிருந்ததை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆக்கினேன். உம்மாவும் வேறு, “குடிக்கிறதுக்கே குடத்தை எண்ணிப் புடிக்கிறோம், நீ தொட்டியிலிருந்து எடுத்து வெளியில கொட்டுறியே வாப்பா” என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மே இறுதியில் ரொட்டாலாவின் நுனிகள் சுருங்கின. நல்ல நாளில் விரல் நுனி அளவுக்கு விரிந்து நிற்கும் குருத்து, இப்போது குண்டூசித் தலை அளவுக்குக் குறுகி, ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, கணுக்களுக்கு இடையே இடைவெளியே இல்லாமல் அடைந்து கிடந்தது. ஹைக்ரோஃபிலாவின் முதிர்ந்த இலைகளில் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் விழுந்து, துளையைச் சுற்றி மஞ்சள் வளையமும் அதற்கு வெளியே பழுப்பும் படர்ந்தன. முதிர்ந்த இலையில் துளை என்றால் பொட்டாசியம் பற்றாக்குறை, புதுக் குருத்து வெளிறினால் இரும்புப் பற்றாக்குறை என்ற பாடம் எனக்குத் தெரியும். பொட்டாசியத்தைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. எனவே உரக்கடையில் 13:0:45 என்ற எண்ணில் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை வாங்கி, வாரம் ஒரு கிராமாக இருந்ததை இரண்டாக்கினேன். துளைகள் பெருகின. மூன்றாக்கினேன். ஜூன் முதல் வாரத்தில் லுட்விஜியா அடியோடு அழுகியது.

அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்த, என்னைவிட இளையவரான ஒரு மைத்துனர் வேளாண்மை படித்தவர். இலையைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர், “மச்சான், உரத்தை அப்புறம் பாக்கலாம், மொதல்ல தொட்டித் தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு பாருங்க” என்றார். குழாய் நீரை எத்தனையோ முறை அளந்த நான் தொட்டிக்குள் ஒரு முறைகூட மீட்டரை விட்டதில்லை. அன்று விட்டேன். 1,340 காட்டியது.

கணக்கு மிக எளியது. அதை நான் போட்டுப் பார்க்காததுதான் குற்றம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதோடு உப்பு போகாது. 620 பிபிஎம் உள்ள ஒன்றரை லிட்டரை ஊற்றினால் நாளொன்றுக்கு 930 மி.கி. உப்பு தொட்டியில் சேர்கிறது; 45 லிட்டரில் அது 20 பிபிஎம். இரண்டு வாரத்தில் 280க்கு மேல் கூடிவிட, நான் மாற்றிய 10 லிட்டரால் அதில் ஒரு பகுதியைத்தான் வெளியேற்ற முடிந்தது. வாலிநோக்கத்து உப்பளப் பாத்திகளில் தண்ணீரைத் தேக்கி, வெயிலாலும் காற்றாலும் வற்றவைத்து உப்பு எடுக்கிறார்களே, அதே வேலையை நான் கூடத்தில் இரண்டு விசிறிகளை வைத்துச் செய்திருக்கிறேன். போதாக்குறைக்கு உரம் என்ற பெயரில் நானே மேலும் உப்பைக் கொட்டியிருக்கிறேன்.

இலைத் துளைகளுக்கும் மைத்துனர் விளக்கம் சொன்னார். எங்கள் பக்கத்து நீரில் உள்ள உப்பில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு. சோடியம் மிகுந்த நீரில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தாலும் அதைச் செடி உள்ளே இழுத்துக்கொள்வது தடைபடும். ஆகவே நான் கண்ட அறிகுறி உண்மையானதுதான், மருந்துதான் தவறானது. உப்பு மீட்டர் மொத்த அளவை மட்டுமே சொல்லும்; கால்சியமா சோடியமா என்று பிரித்துச் சொல்லாது. 600 பிபிஎம் கால்சியமும் மக்னீசியமும் உள்ள ஊரில் நன்றாக வளரும் செடி, அதே 600 கடலுப்பாக உள்ள ஊரில் தவிப்பதற்கு இதுவே காரணம். பிற மாவட்டத்து நண்பர்களின் எண்களை நம் கரைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

இத்தனைக்கும் நடுவே நீர்ப்பிரம்மிக்கு ஒரு குறையும் இல்லை. சதைப்பற்றுள்ள அந்தச் சிறிய இலைகள், ஜனவரியில் இருந்தது போலவே எதிரெதிராக விறைத்து நின்றன. உவர்ப்பு ஏறிய ஓரங்களிலும் வாழப் பழகிய செடி அது. வேறு எந்தத் தண்ணீரும் கிடைக்காத வீடு என்றால், அதை மட்டும் நட்டுத் தொட்டி முழுக்க நிரப்புங்கள் என்றே சொல்வேன்; அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மீட்பு மூன்று வாரம் பிடித்தது. உப்பை ஒரே நாளில் இறக்கினால் மீனும் தாங்காது, செடியும் தாங்காது என்பதால் வீட்டு ஆர்.ஓ. நீரை நாளுக்கு நான்கு லிட்டர் வீதம் மாற்றி மெல்ல இறக்கினேன். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரை வீடு துடைக்கவும் வாசல் கழுவவும் பிடித்து வைத்ததால் உம்மாவுக்கும் மனம் ஆறியது. 300க்குக் கீழே வந்த பிறகு, சுருங்கிக் கிடந்த ரொட்டாலா நுனிகள் நிமிரவில்லை, அவை நிமிராது. அவற்றுக்குக் கீழே இருந்த கணுக்களிலிருந்து புதுத் துளிர் வந்தது. லுட்விஜியாவை மட்டும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது.

கவாத்து செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டுச்செடி வளர்ப்பில் பாதி வேலை அதுதான். தண்டு நீர்ப்பரப்பைத் தொட்டுக் கிடைமட்டமாகச் சாயும்வரை காத்திருந்தால் அடியில் வெளிச்சம் இல்லாமல் கீழ் இலைகள் உதிர்ந்து, வெறும் குச்சி நிற்கும். பரப்புக்கு நான்கு விரல் கீழே இருக்கும்போதே, மண்ணிலிருந்து மூன்றாம் கணுவுக்குச் சற்று மேலே கூரான கத்தரியால் வெட்டிவிட வேண்டும். நான்காம் நாள் அந்தக் கணுவின் இலைக்கக்கத்தில் கடுகு அளவில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. ஒரு தண்டு இரண்டாவது அப்படித்தான். வெட்டிய நுனித்துண்டில் அடி இரண்டு கணுக்களின் இலைகளைக் களைந்து, இடுக்கியால் சாய்வாக மணலில் செருகினால் மிதந்து வராது. செங்குத்தாகக் குத்தினால் வந்துவிடும். கொத்தாக நடாமல், விரலிடை விட்டு ஒவ்வொன்றாக நட வேண்டும். ஒரே அடிக்கட்டையை மூன்று முறைக்கு மேல் வெட்டினால் துளிர் மெலிகிறது என்பது என் தொட்டியில் கண்டது; அதன்பின் அதைப் பிடுங்கிவிட்டு நுனிகளை நடுவதே நல்லது.

கரியமில வாயுவுக்காகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வெப்பத்தில் நான்கே நாளில் பொங்கி அடங்கிவிட்டது, விட்டுவிட்டேன். விளக்கு 20 வாட், நாளுக்கு ஏழு மணி நேரம். எட்டரை வைத்த மாதத்தில் நூல்பாசி வந்தது. முதல் விளக்கின் இரும்புத் தாங்கி உப்புக் காற்றில் துருப்பிடித்ததால் இப்போது இருப்பது பிளாஸ்டிக் உடல் கொண்டது.

அக்டோபரில் மழை தொடங்கியது. தோட்டத்துத் தகரக் கூரையின் பரப்பு 12 சதுர மீட்டர், 25 மி.மீ. மழை பெய்தால் 300 லிட்டர். முதல் மழையைப் பிடித்து அளந்தால் 90 பிபிஎம். கடல் காற்று மாதக்கணக்கில் கூரையில் படியவைத்த உப்பும் தூசும் அது. ஒரு மணி நேரம் கழுவி ஓடவிட்டுப் பிடித்ததில் 25தான் இருந்தது. இரண்டு 200 லிட்டர் டிரம்களை நிரப்பி, கொசு முட்டையிடாதபடி வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, பாசி பிடிக்காதபடி மேலே சாக்குப் போட்டு மூடினேன். வெறும் மழைநீரில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் இருக்காது, அமிலத்தன்மையைத் தாங்கும் கார வலிமையும் இருக்காது. ஆகவே தண்ணீர் மாற்றும்போது ஒரு பங்கு குழாய் நீருக்கு இரண்டு பங்கு மழைநீர் சேர்க்கிறேன். அது 220 அளவில் நிற்கிறது. ஆவியானதை ஈடுசெய்ய மழைநீரைத் தவிர வேறு எதையும் ஊற்றுவதில்லை.

இப்போது பிப்ரவரி நடுப்பகுதி. டிரம்களில் ஏறக்குறைய 330 லிட்டர் மிச்சம் இருக்கிறது. ஏப்ரலில் விசிறியைப் போட்டால் வாரத்துக்கு 17 லிட்டர் செலவாகும். அந்தக் கணக்கில் ஜூலை இறுதிவரை மழைநீர் வரும், அதன்பின் அடுத்த மழைவரை ஆர்.ஓ. இன்று காலை தொட்டி நீர் 235 காட்டியது. ரொட்டாலாவில் பதினெட்டு நுனிகளை வெட்டிப் பின்வரிசையில் நட்டேன். கீழ்க்கணுக்களில் எங்கும் வட்ட இலை இல்லை. விளக்கை நெருக்கி வைத்த இடப்பக்க மூலையில் நான்கு தண்டுகளின் நுனி முதன்முறையாகச் செம்பு நிறம் காட்டுகிறது.