வீட்டுக்குப் போற போலீஸ் காரும் சம்பளக் கணக்கும்

அமெரிக்காவுல நிறைய ஊர்கள்ல ஒரு பழக்கம் உண்டு. டியூட்டி முடிஞ்ச போலீஸ்காரர் ரோந்து காரை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போகாம அப்படியே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவாரு, மறுநாள் அதுலயே கிளம்பி வருவாரு. டேக் ஹோம் கார்னு சொல்வாங்க. நான் வந்த புதுசுல எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல அப்படி ஒரு வண்டி ராத்திரி ஆனா வந்து நிக்கும், ஸ்கைப்ல அதைப் பார்த்துட்டு அம்மா "பக்கத்து வீட்ல என்னடா தகராறு, நீ சாட்சி கீட்சின்னு எதுலயும் போய் மாட்டிக்காத"ன்னு பதறிட்டாங்க. நம்ம ஊர்ல வாசல்ல போலீஸ் ஜீப் நின்னா தெருவுல நாலு தலை எட்டிப் பாக்கும், இங்க அது மாடி வீட்டுக்காரரோட வண்டி, அவ்ளோதான்.

அப்போ எனக்குத் தெரியாது, அந்த வண்டியே என் வேலையாகப் போகுதுன்னு. மிட்வெஸ்ட் பக்கம் நடுத்தரமான ஒரு சிட்டி, பேர் வேண்டாம். அவங்க ஃப்ளீட் டிபார்ட்மெண்ட்ல கான்ட்ராக்ட்ல சேர்ந்து அப்புறம் பர்மனென்ட் ஆனேன். குப்பை லாரி, ஃபயர் இன்ஜின், பனி தள்ற வண்டி, போலீஸ் கார் எல்லாத்துக்கும் எவ்ளோ பெட்ரோல், என்ன ரிப்பேர், எப்போ விக்கணும்னு கணக்கு வைக்கிற சாஃப்ட்வேர் எங்க கையில. 2008 ஜூன்ல பெட்ரோல் ஒரு கேலன் நாலு டாலரைத் தாண்டினப்போதான் முதல்ல மேல இருந்து மெயில் வர ஆரம்பிச்சுது. அது இறங்கிடுச்சு, ஆனா அதுக்குள்ள வீட்டு விலை சரிஞ்சு போச்சு, இங்க சிட்டி வருமானத்துல பெரிய பங்கு வீட்டு வரி, வீட்டு மதிப்பை மறுபடி கணக்குப் போட்டு வரி குறைய ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும், அதனால உலகமே தேறிட்டோம்னு சொல்லிட்டு இருந்த நேரத்துலதான் எங்களுக்கு இடி விழுந்துச்சு.

அந்த சமயம் எல்லா ஊர்லயும் இதே கதை. கலிஃபோர்னியாவுல வல்லேஹோ 2008லயே திவால் மனு போட்டுருச்சு. நியூஜெர்சியில கேம்டன், 2011 ஜனவரியில கிட்டத்தட்ட பாதி போலீஸை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வருஷ முடிவுக்குள்ள நாடு முழுக்க 10,000ல இருந்து 12,000 போலீஸ்காரங்களுக்கு வேலை போயிருக்கும்னு மத்திய நீதித்துறையே ஒரு ரிப்போர்ட்ல மதிப்பு போட்டுச்சு. எங்க ஊர்ல ஆளைத் தூக்கல. இன்க்ரிமெண்ட் நிறுத்தம், சம்பளம் இல்லாத கட்டாய லீவு, அதுக்கு அடுத்து டேக் ஹோம் கார்.

ஃபைனான்ஸ்ல இருந்து கேட்டது ரொம்ப சிம்பிள். யார் யார் வண்டி எடுத்துட்டுப் போறாங்க, வீடு எவ்ளோ தூரம், வருஷத்துக்கு அதுக்கு என்ன செலவு. அப்போ ஓடிட்டு இருந்தது ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, 4.6 லிட்டர் வி8, ஊருக்குள்ள கேலனுக்கு 14 மைல்தான் குடுக்கும். சும்மா ஒரு உதாரணம் சொல்றேன், வீடு 25 மைல்னா போக வர 50, ஹைவேயும் சேர்த்து கேலனுக்கு 18 மைல், கேலன் விலை மறுபடி நாலு டாலர்னு வச்சா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 11 டாலர், 220 நாள் டியூட்டின்னா 2,400 டாலருக்கு மேல, ஒரே ஆளுக்கு, பெட்ரோல் மட்டும். கூட்டிப் பாத்தா யாருக்கும் கை துறுதுறுக்கும். ஃபைனான்ஸ்காரங்களை நான் குறை சொல்ல மாட்டேன், லைப்ரரியை வாரத்துல ரெண்டு நாள் மூடலாமான்னு யோசிச்சிட்டு இருந்த ஆளுங்க அவங்க.

ஆனா எங்க ரிப்பேர் ஷாப் ஃபோர்மேன் நான் போட்ட அந்தக் கணக்கு ஷீட்டைப் பாத்துட்டு சிரிச்சாரு. "வா காட்றேன்"ன்னு கூட்டிட்டுப் போய் ரெண்டு கிரவுன் விக்கைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்திக் காட்டினாரு, ரெண்டும் ஒரே வருஷ மாடல். ஒண்ணு மூணு ஷிஃப்டும் மாத்தி மாத்தி ஓட்டுற பொது வண்டி, இன்னொண்ணு ஒரே ஆள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது. பொது வண்டியோட டிரைவர் சீட்ல வெளிப்பக்க ஓரம் துப்பாக்கி பெல்ட் உரசி உரசி உள்ள ஸ்பாஞ்ச் தெரியுது, பிடிச்ச ஆளை உக்கார வைக்கிற பின்சீட்டுக் கூண்டுக்கு அடியில என்னைக்கோ விழுந்த ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் கல்லு மாதிரி கிடக்கு, கதவு பாக்கெட்ல நாலு பேரோட காபி கப்பு. ஒரு கீறல் விழுந்தா எந்த ஷிஃப்ட்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அடுத்த வண்டியில ஃப்ளோர் மேட் அந்த ஆளே வாங்கிப் போட்டது, லாக் புக்ல ஆயில் சேஞ்ச் ஒண்ணு கூட தள்ளிப் போகல. அப்புறம் சாவியைத் திருப்பி டேஷ்போர்டுல ஐடில் மணி நேரத்தைக் காட்டினாரு, அதாவது வண்டி நகராம இன்ஜின் மட்டும் ஓடின நேரம். போலீஸ் வண்டிக்கு இதுதான் எமன், லைட்டு, ரேடியோ, லேப்டாப் எல்லாம் ஓடணும்னு இன்ஜினை அணைக்கவே மாட்டாங்க. ஒரு மணி நேரம் சும்மா நின்னு ஓடினா 33 மைல் ஓடின தேய்மானம்னு ஃபோர்டே கணக்கு சொல்லுது. அப்படின்னா ஓடோமீட்டர்ல 70,000 மைல் காட்டுற வண்டிக்கு ஐடில் 3,000 மணி நேரம் இருந்தா உண்மையில அது 1,69,000 மைல் ஓடின கிழவன். மூணு ஷிஃப்ட் வண்டி சீக்கிரமே சாகும், தனி ஆள் வண்டி பல வருஷம் தாங்கும். அதுக்காக டேக் ஹோம்தான் லாபம்னும் சொல்லிட முடியாது, ஏன்னா வண்டி மூணு மடங்கு வாங்கணும், ஒவ்வொண்ணுக்கும் லைட் பார், கூண்டு, ரேடியோ, கம்ப்யூட்டர்னு தனித்தனியா மாட்டணும். ஆரம்பத்துல பெரிய தொகை, அப்புறம் நிதானமா ஓடும். பணம் இல்லாத வருஷத்துல யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

இதெல்லாம் வண்டிக் கணக்கு. எனக்கு மண்டையில உறைச்சது அது இல்ல. பெட்ரோல் பங்க்ல கார்டு வேலை செய்யலன்னு எங்க ஆபீஸுக்கு அடிக்கடி வர்ற ஒரு சார்ஜன்ட் இருந்தாரு, வயசானவர், நிதானமா பேசுவாரு. லிஸ்ட் விஷயம் காதுல விழுந்து "நீதான் அந்த ஷீட் போடுறியா, ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ"ன்னு ஆரம்பிச்சாரு. பல வருஷத்துக்கு முன்னாடி ஒப்பந்தம் பேசும்போது யூனியன் சம்பள உயர்வு கேட்டிருக்கு, சிட்டி காசு இல்ல, அதுக்குப் பதிலா வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கு. "நாங்க அதை வாங்கிக்கிட்டோம், என் பொண்டாட்டி ரெண்டாவது காரை வித்துட்டா, அதை நம்பித்தான் வீடும் தள்ளி வாங்கினோம். இப்போ சம்பளமும் நிறுத்தம், வண்டியும் இல்லன்னா அன்னைக்குக் குடுத்தது என்ன?"

அன்னைக்கு ராத்திரி நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். சொந்தக் கார்ல ஆபீஸ் வேலையா ஓடினா மைலுக்கு எவ்ளோன்னு வருமான வரித்துறை வருஷா வருஷம் ஒரு ரேட் போடும், 2010ல அது 50 சென்ட். அதே 50 மைல், அதே 220 நாள், 5,500 டாலர் வருது. சிட்டிக்கு 2,400 மிச்சம், ஆளுக்கு 5,500 நஷ்டம். அதுவும் வரி போக கையில இருக்கிற காசுல இருந்து. போலீஸ்னு தெளிவா எழுதின வண்டியில வீட்டுக்குப் போறது இங்க வரிக்குள்ளயே வராது, இதே சிட்டியோட பில்டிங் இன்ஸ்பெக்டர் பிக்கப்பை எடுத்துட்டுப் போனா ஒரு தடவைக்கு 1.50 டாலர்னு அவர் சம்பளத்தோட சேர்த்து வரி போடுவாங்க, அதுவும் ஒண்ணும் பெரிசில்ல. இந்த 5,500ஐ சம்பளமா குடுக்கணும்னா வரியும் சேர்த்து 7,000க்கு மேல குடுக்கணும். அதோட விடாது, சம்பளம் ஏறினா பென்ஷனும் ஏறும். காருக்குப் பென்ஷன் கிடையாது. அதாவது அன்னைக்கு சம்பளத்துக்குப் பதிலா காரைக் குடுத்து சிட்டி நல்லா மிச்சம் பிடிச்சிருக்கு, அந்த மிச்சம் எந்த ஷீட்லயும் இல்ல. செலவு மட்டும் ஃப்ளீட் தலைல, பளிச்சுனு, வெட்டுறதுக்கு வசதியா.

கவுன்சில் மீட்டிங்ல இதெல்லாம் எடுபடல. ஜிம் வாசல்ல ரோந்து காரைப் பாத்தேன், என் வரிப்பணம்னு ஒருத்தர் எழுந்து பேசினாரு, கைத்தட்டல். யூனியன் பக்கம் இண்டியானாபோலிஸை இழுத்தாங்க. அங்க ரிச்சர்ட் லூகர் மேயரா இருந்தப்போ 1969ல ஆளுக்கு ஒரு கார் குடுத்து டியூட்டி இல்லாத நேரத்துலயும் சொந்த வேலைக்கு ஓட்டிக்கோங்கன்னு விட்டாங்க, ஊர் முழுக்க போலீஸ் வண்டி கண்ணுல பட்டா திருடனுக்கு பயம் இருக்கும்னு யோசனை. அந்த வாதம் அந்த ஊருக்கு சரி, ஏன்னா வண்டி ஊருக்குள்ளயே சுத்துது. எங்க ஆளுங்கள்ல பல பேர் அடுத்த கவுன்டியில, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, இருந்தாங்க, அங்க நிக்கிற வண்டியைப் பாத்து எங்க ஊர் திருடன் ஏன் பயப்படணும்? இந்த இடத்துல நான் ஃபைனான்ஸ் கட்சிதான். கார் ஊதியம்னா ஊதியம்னு சொல்லிக் கேக்கணும், பாதுகாப்புன்னு போர்வை போத்தக்கூடாது.

கடைசியில தூரத்துக்கு ஒரு எல்லை வச்சாங்க, அதைத் தாண்டி இருக்கிறவங்க மாசா மாசம் கட்டணம் கட்டணும், புதுசா சேர்றவங்களுக்கு வண்டி கிடையாது. நாய் வச்சிருக்கிற கே நைன் ஆளுங்களை மட்டும் யாரும் தொடல, நாயை பஸ்ல அனுப்ப முடியாதுல்ல. யூனியன் போய் மனு குடுத்தாங்க, அது இழுத்துட்டே போச்சு. புது பசங்க ஷிஃப்ட் மாறும்போது பையையும் ரைஃபிளையும் ஹெல்மெட்டையும் ஒரு டிக்கியில இருந்து இன்னொரு டிக்கிக்குத் தூக்கிட்டு அலைவாங்க, அந்த நேரம் சம்பளம் குடுக்கிற நேரம்னு யாரும் கணக்குல எடுக்கல.

2011ல கிரவுன் விக் தயாரிப்பே நின்னு போச்சு, எல்லாம் எக்ஸ்ப்ளோரரா மாறிருச்சு. 2020க்கு அப்புறம் போலீஸ் வேலைக்கு ஆள் கிடைக்கிறதே கஷ்டம்னு ஆனதும் எங்க சிட்டியும் இறங்கி வந்துச்சு. இப்போ ஆள் எடுக்கிற விளம்பரத்துல சம்பளத்துக்கு அடுத்த வரியே டேக் ஹோம் கார்தான், பெரிய எழுத்துல. பட்ஜெட் புக்ல மட்டும் அது இன்னும் ஃப்ளீட் செலவுலதான் கிடக்கு, சம்பளப் பக்கத்துக்கு மாத்துங்கன்னு நான் எழுதிக் குடுத்ததுக்கு பாக்கலாம்னு பதில் வந்திருக்கு.