ஏலத்தின் நடுவே தனியாக வரும் விலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்களின் பழைய வீடுகள் கைமாறும்போது, பிள்ளைகள் எடுத்துச் செல்ல விரும்பாத பொருள்கள் பல மிஞ்சிவிடுகின்றன. பித்தளைக் குத்துவிளக்குகளும் செப்புக் குடங்களும் நேட்டால் காலத்துத் தபால்தலைகளும் டிரான்ஸ்வால் அதிபர் குரூகரின் தலை பொறித்த நாணயங்களும் அவற்றில் அடக்கம். இணையத்தில் விற்கும் பழக்கம் இல்லாத உறவினர்களுக்காக அவற்றை ஏலத்தில் பதிவுசெய்து விற்றுக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும், 1999இல் பிட்ஆர்பை என்ற பெயரில் தொடங்கி இப்போது பாப் ஷாப் என்று அழைக்கப்படும் உள்நாட்டுத் தளத்தில்தான் விற்கிறேன். படம் எடுப்பதும் விவரம் எழுதுவதும் பழகிவிட்டால் எளிதாகிவிடும். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே, “ஏலத்தை நிறுத்திவிட்டு எனக்கே கொடுத்துவிடுங்கள், இவ்வளவு தருகிறேன்” என்று தனியாக வரும் செய்திக்குப் பதில் சொல்வதுதான் ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிறது.

அண்மையில் என் பெரியம்மா ஒருவருக்காக விற்ற நாணயத்தை எடுத்துக்கொள்கிறேன். அது, டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்கள் இன்றைய தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் அமைத்திருந்த டிரான்ஸ்வால் குடியரசு 1892ஆம் ஆண்டில் மட்டுமே வெளியிட்ட ஐந்து ஷில்லிங் வெள்ளி நாணயம். அந்த ஆண்டின் முதல் நாணயங்களுக்கான அச்சுகள் பெர்லினில் உருவானவை. அங்கிருந்தவர்கள் குடியரசின் சின்னத்தில் உள்ள மாட்டுவண்டிக்கு ஐரோப்பிய வண்டியைப் போல இரண்டு ஏர்க்கால்களை வரைந்துவிட்டார்கள். போயர்களின் வண்டிக்கு ஒரே ஏர்க்கால்தான் உண்டு என்பதால் பிறகு அது திருத்தப்பட்டது. இரட்டை ஏர்க்கால் உள்ள நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது இதனால்தான். எங்கள் நாணயத்தில் ஒரு குறையும் இருந்தது. யாரோ ஒரு காலத்தில் அதைப் பதக்கமாக அணிந்திருந்ததால், விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் தெரிந்தது. சேகரிப்பாளர்களின் சந்தையில் அந்தத் தடம் விலையைக் கணிசமாகக் குறைக்கும்.

3,000 ராண்டில் தொடங்கிய ஏழு நாள் ஏலம் இரண்டாம் நாளில் 4,200 ராண்டுக்கு வந்தபோது, 7,000 ராண்டு தருவதாக ஒருவர் செய்தி அனுப்பினார். அன்று மாலைக்குள் ஏலத்தை நிறுத்தினால் உடனே பணம் அனுப்புவதாகவும் சொன்னார். பெரியம்மாவுக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்தது. “கேட்கிற மனுஷனுக்குக் கொடுத்துட வேண்டியதுதானே தம்பி, இன்னும் ஐந்து நாள் காத்திருப்பானேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்கு அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், 4,200 என்று திரையில் தெரியும் எண்ணையும் 7,000 என்று செய்தியில் வந்த எண்ணையும் ஒப்பிடவே கூடாது. தானாக விலை ஏற்றும் வசதி உள்ள தளத்தில், ஏலம் கேட்பவர் தம் உச்சவிலையை முன்கூட்டியே இட்டுவைக்கிறார். மற்றொருவர் போட்டிக்கு வரும் அளவுக்கு மட்டுமே விலை ஏறுகிறது. ஆகவே திரையில் தெரிவது இரண்டாம் இடத்தில் இருப்பவர் எவ்வளவு தூரம் வந்தார் என்பதுதான். முதலிடத்தில் இருப்பவர் எவ்வளவு வரை போகத் தயாராக இருக்கிறார் என்பது விற்பவருக்குத் தெரியாது. அவர் 8,000 ராண்டு இட்டுவைத்திருந்தாலும், எதிரே போட்டியாளர் வராதவரை திரை 4,200 என்றே காட்டும். இரண்டாவது உயர்ந்த விலையை ஒட்டி வெற்றியாளர் பணம் கட்டும் இந்த முறையின் தர்க்கத்தை 1961இலேயே வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் விளக்கினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, ஏலத்தின் நடுநாள்களில் விலை அசையாமல் கிடப்பது ஆர்வமின்மையின் அறிகுறி அல்ல. ஆல்வின் ரோத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு, முடிவு நேரம் மாறாத இபே ஏலங்களில் பலர் கடைசி நிமிடங்களில்தான் விலை கேட்கிறார்கள் என்றும், கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் நீளும்படி அமைந்திருந்த அந்நாளைய அமேசான் ஏலங்களில் அந்தப் பழக்கம் குறைவாக இருந்தது என்றும் காட்டியது. தன் ஆர்வத்தை முன்கூட்டியே காட்டி மற்றவர்களைத் தூண்டிவிட அனுபவமுள்ள சேகரிப்பாளர் விரும்பமாட்டார். அப்படி இருக்கும்போது, இரண்டாம் நாளிலேயே ஒருவர் தனியாக வந்து, அன்று மாலைக்குள் முடிவு வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார் என்றால், ஏழாம் நாள் இரவில் தாம் சந்திக்கப்போகும் போட்டியைத் தவிர்க்க அவர் விரும்புகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் பொருளின் மதிப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நல்ல செய்தி அவர் சொல்லும் அந்தத் தொகைதான்; அந்தச் செய்தி நம்மைப் பொறுத்திருக்கச் சொல்கிறது.

இவை இரண்டும் லாபக் கணக்கு. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு. ஒருவர் விலை கேட்டுவிட்டால், ஏழாம் நாள் வரை உங்களுக்கு வாய்ப்பு உண்டு என்று அவருக்கு வாக்குக் கொடுத்ததாக ஆகிறது. அந்தத் தொகையை அவர் ஒதுக்கிவைத்துக்கொண்டு, அதே போன்ற வேறு நாணயத்தைக் கைவிட்டிருக்கலாம். நேரில் நடக்கும் ஏலத்தில் சுத்தியல் விழும் முன் பின்கதவு வழியாகப் பொருளைக் கொடுத்தனுப்பினால் கூட்டம் சும்மா இருக்காது. இணையத்தில் கேட்டவரின் முகம் நமக்குத் தெரியாது என்பதனால் மட்டும் அது சரியாகிவிடாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஏலத்துக்கென்றே 45ஆம் பிரிவு இருக்கிறது. சுத்தியல் விழுவதாலோ வழக்கமான வேறு முறையாலோ முடிவு அறிவிக்கப்படும்போதுதான் ஏல விற்பனை நிறைவு பெறுகிறது, குறைந்தபட்ச விலை வைத்திருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் உரிமையாளர் தாமே விலை கேட்கவோ ஆள் வைத்துக் கேட்கவோ கூடாது என்று அது சொல்கிறது. கேட்பவர்கள் அனைவருக்கும் ஒரே ஆட்டவிதி இருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் உள்ளக்கிடக்கை. அதைத் தனிப்பட்ட முறையில் விற்பவரும் மதிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விற்பனையையே தொழிலாகச் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், இணையத்தில் வாங்கும் நுகர்வோருக்குப் பொருள் கைக்கு வந்து ஏழு நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக்கொடுக்கும் உரிமையைத் தருகிறது. ஏலத்தில் வாங்கியவற்றுக்கு அந்த உரிமை இல்லை. ஏலத்தை நிறுத்திச் செய்திவழியே பேசி முடித்த விற்பனை ஏலம் ஆகாது; அதனால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக்கொடுக்கக்கூடும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காகத் தபால்தலைகளை இபேயில் விற்பவர்களுக்குத் தளத்தின் விதியே கைகளைக் கட்டிவிடுகிறது: விலை கேட்டவர்கள் இருந்து, முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், முன்னணியில் இருப்பவருக்கு விற்பதைத் தவிர வேறு வகையில் ஏலத்தை முடிக்க முடியாது. தளத்தின் வழியாகத் தொடர்புகொண்டவரோடு தளத்துக்கு வெளியே பேரம் முடிப்பதற்கும் அங்கே தடை உண்டு.

நான் அனுப்பும் பதில் ஆங்கிலத்தில் இருக்கும்; அதன் சாரம் இதுதான்: “தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஏற்கெனவே விலை கேட்டவர்கள் இருப்பதால் ஏலத்தை இடையில் நிறுத்த முடியாது. தாங்கள் சொன்ன தொகையையே ஏலத்தில் தங்கள் உச்சவிலையாக இட்டுவையுங்கள்; போட்டி இல்லையென்றால் அதைவிடக் குறைவாகவே தங்களுக்குக் கிடைக்கக்கூடும்.” கடைசி வரி வெறும் மரியாதைக்காகச் சேர்ப்பது அல்ல, முழு உண்மை. பலர் அதைப் படித்தபின் ஏலத்துக்கே வந்துவிடுகிறார்கள். இதைவிட நீளமாக எழுதுவதில்லை. “இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பார்க்கலாம்” என்ற பொருள் தொனிக்கும் எந்தச் சொல்லையும் எழுதவே கூடாது. அதை எழுதிய கணத்தில் ஏலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஏலத்தை நாமே தொடங்கிவிடுகிறோம்.

தனியாக எழுதுபவர் விலையோடு கேள்விகளும் கேட்பார். ஏர்க்கால்கள் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும், வளையத்தின் தடம் எவ்வளவு ஆழம், நாணயத்தின் எடை எவ்வளவு என்றெல்லாம் கேட்பார். அந்தப் பதில்களை அவருக்கு மட்டும் அனுப்பாமல் ஏலத்தின் பக்கத்திலேயே அனைவரும் பார்க்கும்படி சேர்க்கிறேன். அவர் சொன்ன விலையை நாம் ஏற்காவிட்டாலும், மற்றவர்களுக்குத் தெரியாததை அவருக்கு மட்டும் தெரியப்படுத்தினால் அதுவும் ஒருவகைச் சலுகைதான். ஆனால் அவர் சொன்ன தொகையை மட்டும் எங்கும் வெளியிடுவதில்லை. “7,000 தர ஒருவர் தயாராக இருக்கிறார்” என்று விவரத்தில் எழுதும் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவர் சரிபார்க்க முடியாத ஒரு எண்ணைக் காட்டி அவரை அழுத்துவது எனக்கு உடன்பாடானது அல்ல.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு வெளியே அழைப்பவர்களில் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் இறுதியோடு காசோலைகள் வழக்கொழிந்த இந்த நாட்டில், பழைய போலிக் காசோலையின் இடத்தை, பணம் அனுப்பியதாகக் காட்டும் போலிச் சான்று பிடித்துக்கொண்டது. வங்கியின் பெயரில் ஒரு குறுஞ்செய்தியோ பிடிஎஃப் கோப்போ வரும். பணம் கணக்குக்கு வந்திருக்காது. கூரியர் வாசலில் நிற்கிறார் என்று அவசரப்படுத்துவார்கள். சான்று எவ்வளவு அழகாக இருந்தாலும், என் கணக்கில் தொகை தெரியும்வரை பொருள் வீட்டை விட்டுப் போகாது.

ஏலத்தில் யாரும் விலை கேட்கும் முன் வரும் பேச்சு வேறு வகையானது. அப்போது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தளம் அனுமதிக்கும் வழியில், உடனடி விற்பனை விலையாக மாற்றி, எல்லோரும் பார்க்கும்படி விற்கலாம். அப்படி விற்றதுண்டு.

பொறுத்திருந்தால் எப்போதும் கூடுதல் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பெரியம்மாவின் நாணயம் கடைசி நிமிடங்களில் ஏறி 8,600 ராண்டில் முடிந்தது. ஆனால் டோங்காட்டில் ஒரு குடும்பத்துக்காக விற்ற பித்தளை விளக்குக்கு நடுவில் 2,500 தருவதாகச் சொன்னவர் ஏலத்துக்கு வரவே இல்லை. அது 1,900க்குத்தான் போனது. அந்தக் குடும்பத்தார் வருத்தப்பட்டார்கள், என்மீது கோபப்படவில்லை. பொருள் என்னுடையது அல்ல என்பதால், ஏலத்தில் ஏற்றும் முன்பே உரிமையாளரிடம் இதைத் தெளிவாகப் பேசிவிடுகிறேன்: ஒருவர் விலை கேட்டுவிட்டபின் தனிப்பேச்சு கிடையாது, அதில் நட்டமும் வரலாம், சம்மதம் இல்லையென்றால் ஏலம் வேண்டாம், நிலையான விலையில் விற்போம். எந்த விலைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அதைக் குறைந்தபட்ச விலையாக முதல் நாளே வைத்துவிட்டால், நடுவில் வரும் செய்தி யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது.

ஏலம் முடிந்தபின் வென்றவர் பணம் கட்டாமல் போனால், முன்பு தனியாக எழுதியவரின் நினைவுதான் முதலில் வரும். நான் முதலில் தளத்தில் முறையாகப் புகார் பதிந்து அந்த விற்பனையை முடிக்கிறேன். பிறகு, தளத்தின் வழியாகவே, இரண்டாம் இடத்தில் இருந்தவருக்கு அவர் கேட்ட விலையில் வாய்ப்புத் தருகிறேன். அவரும் வேண்டாம் என்றால் பொருளை மறுபடி ஏலத்தில் ஏற்றி, தனியாக எழுதியவருக்கு அந்த ஏலத்தின் இணைப்பை அனுப்பிவைக்கிறேன்.