தப்பான விடையைக் காட்டி டியூஷன் ஆசிரியரைத் தேடிய கதை

ஒன்பதாம் வகுப்பில் என் மகளுக்குக் கணக்கும் அறிவியலும் ஒருசேர ஆட்டம் காட்டத் தொடங்கின. டியூஷன் வைத்துவிடலாம் என்று வீட்டில் ஒருமனதாக முடிவானது. யாரிடம் என்பதில்தான் இழுபறி. விசாரித்த இடமெல்லாம் எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி: "எவ்வளவு மதிப்பெண் எடுக்கிறாள்?" எண்ணைச் சொன்னதும், "கவலைப்படாதீர்கள், ஏற்றிவிடலாம்" என்பார்கள். எங்கே இறங்கியது என்று பார்க்காமல் எப்படி ஏற்றுவார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே ஆசிரியரைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அவளுடைய பழைய விடைத்தாள்களையும் வீட்டுப்பாட நோட்டுகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மதிப்பெண்ணைக் கண்டுகொள்ளவில்லை. எந்த வரிவரை சரியாக வந்தாள், எந்த வரியில் தடம் மாறினாள் என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். நான் கணக்கில் புலி அல்ல. ஆனாலும் இதற்குப் பொறுமை இருந்தால் போதும்.

கிடைத்த சேதி எதிர்பாராதது. இயற்பியலில் போன மதிப்பெண்களில் பெரும்பங்கு இயற்பியலால் போகவில்லை. தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம் மூன்றையும் கொடுத்து நேரத்தைக் கேட்டிருப்பார்கள். சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள். நேரத்தைத் தனியே பிரித்தெடுக்கும் இடத்தில் கவிழ்ந்திருக்கிறாள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். அந்த மாற்றத்தில் எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று தடுமாறியிருக்கிறாள். அதாவது அறிவியல் என்ற பெயரில் கணக்குதான் அடிவாங்கியிருந்தது. வேதியியல் மட்டும் வேறு ரகம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாட்டில் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று, தண்ணீரின் வாய்பாட்டிலேயே ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு சின்ன 2 போட்டுச் சமன்செய்துவிட்டாள். எண்ணிக்கை சரியாகிவிட்டது; தண்ணீர்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிட்டது.

அந்தத் தாள்களில் ஒன்றைப் படியெடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு சமன்பாட்டுக் கணக்கில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: 20 − 5 = 15 ÷ 3 = 5. கடைசி விடை சரி. ஆனால் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் 20 − 5ம் 5ம் சமம் என்றாகிறது. யாரைப் பார்க்கப் போனாலும் அதை நீட்டி, "இதை எழுதிய பிள்ளை மனதில் என்ன நினைத்திருக்கும்?" என்று கேட்பது என முடிவுசெய்தேன். டியூஷன் ஆசிரியருக்கே தேர்வு வைக்கிறான் பார் என்று மனைவி சிரித்தாள். தேர்வுதான்.

பேர்பெற்ற ஒரு பயிற்சி மையத்தில் அந்தத் தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை. பாடத்தை எப்போது முடிப்போம், எத்தனை மாதிரித் தேர்வுகள் வைப்போம் என்ற பட்டியல்தான் கிடைத்தது. இன்னொருவர் பார்த்துவிட்டு, "கவனக்குறைவு" என்றார். மூன்றாமவர், "பயிற்சி போதாது" என்றார். கல்லூரியில் படித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கும் ஓர் இளைஞர் தாளை வாங்கி மளமளவென்று சரியான முறையில் போட்டுக்காட்டினார். கையெழுத்தும் அழகு, வேகமும் அழகு. அவரிடம் ஒரு மாதிரி வகுப்பு வைத்துப் பார்த்தோம். மகள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்த கணக்கைப் போட்டாள். கேள்வியைத் திருப்பிப்போட்டுக் கேட்டதும் நின்றுவிட்டாள். உடனே அவர் பென்சிலை வாங்கி அதையும் தானே போட்டுவிட்டார். அறிவாளிப் பையன், அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் பயிற்சி பெற்றது அவர்தான்.

கடைசியில் சந்தித்த அம்மையார் தாளைச் சற்று நேரம் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்குச் சமக்குறி என்றால் 'அடுத்து விடையை எழுது' என்று பொருள். இரண்டு பக்கமும் ஒன்று என்ற எண்ணமே இல்லை. தராசாகப் பார்க்கவில்லை. இது தெரியாமல் சமன்பாடு எப்படி வரும்?" என்றார். பிறகு, "நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போங்கள், முதல் வகுப்பில் நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டாம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். மகளிடம் சொல்லிவிட்டே அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வகுப்பில் எனக்கு முதலில் காதில் விழுந்தது மௌனம். அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னார். மகள் மேலே இருப்பதோடு மேலே இருப்பதையும், கீழே இருப்பதோடு கீழே இருப்பதையும் கூட்டி 2/5 என்றாள். தவறு என்று அவர் சொல்லவில்லை. "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நேரம் ஓடியது. எழுந்து போய் நானே சொல்லிவிடலாமா என்று தோன்றுமளவுக்கு ஓடியது. பிறகு மகளின் குரல்: "மிஸ், அரையோடு கூட்டின பிறகு அரையைவிடக் குறைந்துபோச்சே!" பகுதிகளை ஏன் ஒன்றாக்க வேண்டும், மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்பதெல்லாம் அதற்குப் பின்தான் வந்தது. இதைப் பல ஆண்டுகளாகப் பள்ளியில் செய்துகொண்டிருந்தவள்தான் அவள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் இந்த மௌனத்தையே அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்களாம். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று வினாடி என்று படிக்கும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டால்தான் அதன் நீளம் தெரியும். மாதிரி வகுப்பில் கவனிக்க ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதையே சொல்வேன்: கேள்விக்குப் பின் ஆசிரியரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிகிறதா?

தனி வகுப்பா, குழுவா என்ற விவாதமும் நடந்தது. தனி வகுப்புக்கு வாதாடுகிறவர்கள் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையை இழுப்பார்கள். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே இருந்தார் என்று அதில் வருகிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் பொதுவாகத் தென்படவில்லை. அதோடு, ப்ளூம் சொன்ன தனிப்பயிற்சியில் சிறு தேர்வு வைத்து, விட்டுப்போனதைத் திருத்தி, பிடிபட்ட பிறகே அடுத்த பாடத்துக்குப் போகும் ஏற்பாடும் சேர்ந்திருந்தது. விளம்பரத்தில் 'தனி' மட்டும் மிஞ்சி, 'பிடிபட்ட பிறகே' காணாமல் போய்விடுகிறது. எங்கள் அம்மையாரிடம் இன்னொரு பிள்ளையும் சேர்ந்துதான் படித்தாள். அதனால் குறை ஒன்றும் வரவில்லை. ஒருத்தி செய்த தவறை மற்றவள் கண்டுபிடிப்பதில் இருவருக்கும் அலாதி மகிழ்ச்சி.

சமன்பாட்டில் அவர் செய்த முதல் வேலை ஒரு தடை உத்தரவு. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாசகத்தைச் சொல்லக் கூடாது. அதை நம்பித்தான் மகள் '−3எக்ஸ் = 12' என்ற கணக்கில் −3ஐ அந்தப் பக்கம் அனுப்பி, குறியை மாற்றி, 12ஐ 3ஆல் வகுத்து 4 என்று எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு வரியிலும் 'இரு பக்கமும் −3ஆல் வகுக்கிறேன்' என்று முழுதாக எழுத வேண்டும். விடை −4. அதையும் பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்த்த பிறகே அடுத்தது. எரிச்சலூட்டும் வேலை. "மூன்று வரிக் கணக்கை முக்கால் பக்கம் எழுதச் சொல்கிறார்" என்று மகள் புலம்பினாள்.

எரிச்சல் அதோடு நிற்கவில்லை. நேரமெல்லாம் ஆறாம், ஏழாம் வகுப்புச் சமாச்சாரத்தில் போனதால், அடுத்து வந்த பள்ளித் தேர்வில் மதிப்பெண் இன்னும் இறங்கியது. டியூஷனுக்குப் போய்க் குறைந்த பிள்ளை என்று உறவில் பேச்சு. நானும் அம்மையாரிடம் போய் நின்றேன். அவர் அசரவில்லை. விடைத்தாளைக் கேட்டு வாங்கி, பின்னத்திலும் குறியிலும் தவறு குறைந்திருப்பதைக் காட்டினார். போனதெல்லாம் புதிய பாடத்தில். ஆனால் பிள்ளைக்கு வகுப்பில் தலைகுனிவு ஏற்படுவதும் நல்லதல்ல என்று அவரே ஒத்துக்கொண்டார். பள்ளித் தேர்வு நெருங்கும்போது பள்ளிப் பாடம் மட்டும், மற்ற நாட்களில் பழைய ஓட்டைகள் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இந்தப் பேச்சை முதல் நாளே பேசியிருந்தால் இரண்டு தரப்புக்கும் மனச்சங்கடம் இருந்திருக்காது. புதிதாகச் சேர்க்கிறவர்கள் கேட்டுவையுங்கள்.

இயற்பியலையும் அவரே நடத்தினார். அங்கே முறை வேறு: முதலில் ஊகம், பிறகு சோதனை. ஒரே மாதிரி இரண்டு சின்ன பல்புகளைத் தொடரிணைப்பில் இணைத்தால் எது அதிகம் எரியும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டார். பேட்டரிக்கு அருகில் உள்ளது என்றாள் மகள். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடுமாம். இணைத்தார்கள். இரண்டும் ஒன்றாகவே எரிந்தன. நம்பாமல் பல்புகளை இடம் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றாகவே எரிந்தன. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கம் எவ்வளவு என்றதற்குச் சுழியம் என்றாள். "திசைவேகமும் சுழியம், முடுக்கமும் சுழியம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே" என்றார் அவர். புவியீர்ப்பு முடுக்கமான 9.8 என்ற எண் பாதையெங்கும் மாறாமல் கீழ்நோக்கியே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சூத்திரத்தில் அதை எத்தனையோ முறை போட்டிருக்கிறாள்.

உயிரியல் தனக்கு வராது என்று அம்மையார் நேராகவே சொல்லிவிட்டார். எல்லாப் பாடமும் எடுப்பேன் என்கிறவரைவிட இப்படிச் சொல்கிறவரை நம்பலாம். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் வேறொருவரைப் பிடித்தோம், காணொளி வழியாக. தொடக்கத்தில் அந்த வகுப்பு சொதப்பியது. திரையில் மகளின் முகம் தெரிந்தது, நோட்டு தெரியவில்லை. அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க முடியாத ஆசிரியர் எதைத் திருத்துவார்? கேமராவை நோட்டின் மேல் திருப்பிவைத்த பிறகுதான் வகுப்பு வகுப்பாக ஆனது.

அவர் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிய விதம் எனக்கே பிடித்திருந்தது. பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்றார். மண்ணிலிருந்து என்றாள் மகள். வான் ஹெல்மான்ட் என்பவரின் சோதனையைச் சொன்னார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ மரக் கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ் அளவுக்குத்தான். ஆகவே எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அவர் இறந்தபின் 1648இல் அது அச்சில் வந்தது. "அவர் எதைக் கணக்கில் எடுக்கவில்லை?" என்று கேட்டுவிட்டு இவரும் மௌனம். காற்று என்ற பதில் வர நெடுநேரமாயிற்று.

டியூஷனை எப்போது நிறுத்துவது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பேச்சை எடுத்தவர் அம்மையார்தான். திருத்தி வந்த விடைத்தாளில் ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில், அது எந்த வரியில், என்ன நினைப்பில் நடந்தது என்று மகளே எழுத வேண்டும் என்று பழக்கியிருந்தார். அவர் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவளே எழுதிக்கொண்டுவரத் தொடங்கியதும், "இனி வாராவாரம் வர வேண்டாம், சிக்கினால் மட்டும் வா" என்றார். வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒருவர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகளும் சற்று முகம் வாடினாள். அந்த இன்னொரு பிள்ளையோடு பழகிவிட்டாள்.

கணக்கும் இயற்பியலும் இப்போது அவள் பாடு. வேதியியல் ஆசிரியரிடம் மட்டும் வகுப்பு தொடர்கிறது. 12 கிராம் கார்பனில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையும் 18 கிராம் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஏன் ஒரே 6.022 × 10²³ என்பதில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.