டிஸ்க் பிளேயரின் கேபிள் எங்கே போக வேண்டும்?

டிவிடி, ப்ளூ-ரே போன்ற டிஸ்க் பிளேயரை டிவியுடன் இணைப்பதா, ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவருடன் இணைப்பதா என்று கேட்டால், ரிசீவருடன் என்றே எப்போதும் சொல்வேன். பாளையங்கோட்டையில் மாமா வீட்டுக்குப் புதிதாக ஹோம் தியேட்டர் வந்தபோது, பொருத்த வந்தவர் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் பிளேயரின் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியை மட்டும் கடத்தும் ஓர் ஆப்டிகல் கேபிளை இழுத்துவிட்டுப் போயிருந்தார். படமும் ஒலியும் வந்தன; பின்பக்க ஸ்பீக்கர்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. "மருமகனே, பின்னால இருக்க ரெண்டும் அழகுக்கு வச்சதா?" என்று மாமா கேட்டார். எச்டிஎம்ஐ வழியாக வாங்கும் ஒலியைப் பல டிவிகள் இடது, வலது என்று இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் ஆப்டிகலில் வெளியே விடுகின்றன என்பதே காரணம்.

பிளேயரிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவரின் இன்புட்டுக்குச் செல்ல வேண்டும். ரிசீவரின் அவுட்புட்டிலிருந்து இன்னொரு கேபிள், டிவியில் ஏஆர்சி (ஆடியோ ரிட்டர்ன் சேனல்) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளைக்குச் செல்ல வேண்டும். 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்த இந்த வசதி இரு கருவிகளிலும் இருந்தால், டிவியின் சொந்த ஒலியும் அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பிவிடும்.

கேபிளைச் சரியாகச் செருகியும் ஐந்து பக்க ஒலி வராவிட்டால், பிளேயரின் ஆடியோ மெனுவைப் பார்க்க வேண்டும். அங்கே பிட்ஸ்ட்ரீம், பிசிஎம் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பிட்ஸ்ட்ரீம் என்றால், டிஸ்கில் டால்பி அல்லது டிடிஎஸ் முறையில் சுருக்கி வைத்த ஒலியைப் பிளேயர் பிரிக்காமல் அப்படியே அனுப்ப, ரிசீவர் அதைப் பிரித்துக்கொள்ளும். பிசிஎம் என்றால் பிரிக்கும் வேலையைப் பிளேயரே செய்துவிடும். எச்டிஎம்ஐயில் இரண்டுமே ஏறக்குறைய ஒன்றுதான். ஆப்டிகலில் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது என்பதால், அங்கே பிட்ஸ்ட்ரீம்தான் வைக்க வேண்டும். ப்ளூ-ரே டிஸ்கில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற உயர்தர ஒலி வடிவங்கள் ஆப்டிகலில் முழுமையாக வராது. அவற்றுக்கு எச்டிஎம்ஐ மட்டுமே வழி. டிஸ்கின் மெனுவிலும் 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டீரியோவில் விட்டுவிட்டு ரிசீவரைத் திட்டுபவர்கள் உண்டு.

எச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் படத்தை நேராக டிவிக்கும், ஒலியை ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் (ஒற்றை முனை டிஜிட்டல் ஒலி கேபிள்) வழியாக ரிசீவருக்கும் பிரித்து அனுப்பலாம். கோஆக்சியல் கேபிள் கைவசம் இல்லையென்றால், டிவிடி பிளேயருடன் வந்த மஞ்சள் முனை வீடியோ கேபிளே போதும். இரண்டும் 75 ஓம் கேபிள்தான்.

நம் ஊர்ப் பக்க வீடுகளில் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்த வில்லுப்பாட்டு விசிடிகள் ஒரு கட்டாவது இருக்கும். ப்ளூ-ரே பிளேயர்கள் எல்லாமே விசிடியை ஓட்டுவதில்லை என்பதால், மாமாவின் பழைய டிவிடி பிளேயரைத் தூக்கிப்போட நான் விடவில்லை. அதன் ஒலிக்கான சிவப்பு, வெள்ளை முனைகள் ரிசீவருக்குச் சென்றன. மஞ்சள் வழியாக வரும் படத்தை அந்த ரிசீவர் எச்டிஎம்ஐக்கு மாற்றித் தராது என்பதால், மஞ்சள் முனை நேராக டிவிக்குச் சென்றது. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். பெரிய திரையில் மங்கலாகத் தெரிவதற்குக் கேபிளைக் குறை சொல்ல முடியாது. ஒலியும் இரண்டே சேனல். ரிசீவரோ அதை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பி, தலைமைப் பாடகரான அண்ணாவியின் குரல் கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் வரும்படி செய்திருந்தது. ரிமோட்டில் ஸ்டீரியோ என்று மாற்றியதும் குரல் முன்னால் வந்து நின்றது. உடுக்கையும் குடத்து அடியும் தனித்தனியே கேட்டன. வில்லுப்பாட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர் தேவையில்லை என்பது என் கட்சி. மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது; டிஷ் வயரையும் ரிசீவருடன் இணைத்த செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிட வேண்டும், ஏனெனில் அதன் வழியாக இறங்கும் மின்னல் அதிர்வு எச்டிஎம்ஐ கேபிளைப் பிடித்துக்கொண்டு ரிசீவர் வரைக்கும் வந்துவிடக்கூடும்.