சங்கத்துக் காசை மீட்ட ஐந்து மாதம்

நேற்றுப் பின்னேரம் எங்கள் மரணாதாரச் சங்கத்தின் 340,000 ரூபாவும் சங்கத்தின் பெயரிலேயே திறந்த கணக்குக்கு வந்து சேர்ந்தது. மாசிக் கடைசியில் தொடங்கிய அலைச்சல், கச்சான் காற்று அடிக்கிற ஆடியில்தான் முடிந்தது. வங்கிக்கும் அலுவலகங்களுக்குமாகப் பதினான்கு தடவை போயிருக்கிறேன். பாதிக்கு மேல் வெறுங்கையோடு திரும்பினேன். உங்கள் ஊரிலும் இப்படியொரு சங்கம் இருந்தால், அதன் காசு யாருடைய பெயரில் கிடக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம். சங்கத்தில் 112 குடும்பங்கள். மாதச் சந்தா 100 ரூபா. ஒரு வீட்டில் சாவு நடந்தால் அன்றைக்கே 40,000 ரூபா கொடுப்போம். கதிரை, தகரப் பந்தல், தேநீர்க் கிடாரம் எல்லாம் சங்கத்துடையவை. இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். நாங்கள் விட்ட பிழை, காசைப் பொருளாளரின் பெயரில் போட்டு வைத்தது. 2006இல் சங்கம் தொடங்கியபோது அது எங்கும் பதியப்படவில்லை. பதியாத சங்கத்துக்கு வங்கி கணக்குத் திறக்காது. சரி, கொஞ்ச நாளைக்குத்தானே என்று பொருளாளர் தன் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் எடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் இத்தனை வருடமாக நீண்டுவிட்டது.

அவரை ஊரில் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சதம் பிசகாத மனிதர். தேநீர் குடித்த காசைக்கூட எழுதி வைப்பார். அவர் நாணயமாக இருந்ததால்தான் நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நீண்ட நாள் நோயில் கிடந்த மாமா வீட்டிலேயே காலமானார். செய்தி கேட்டு ஓடினேன். பந்தல் போட்டு, கதிரை இறக்கி, வெள்ளைக்கொடி கட்டி முடித்த பிறகுதான் தலைவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, காசு எங்க இருக்கு எண்டு யோசிச்சியா?" என்று கேட்டார். ஊர்ச் செத்த வீடுகளுக்கெல்லாம் காசு எண்ணிக் கொடுத்தவர் கண் மூடிக் கிடக்கிறார். அவருடைய செத்த வீட்டுக்குக் கொடுக்கச் சங்கத்தின் கையில் 2,300 ரூபாதான் இருந்தது.

என் அப்பப்பா பிரித்தானியக் கடற்படையின் துறைமுகத் தளத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட பிறகு, செத்த தொழிலாளிகளின் வீடுகளுக்காகச் சம்பள நாளில் வாசலில் துவாய் விரித்துக் காசு சேர்த்ததைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாமலிருக்கத் துவாயின் ஓரத்தை மடித்து வைப்பார்களாம். அன்று இரவு நாங்களும் ஒரு துவாயோடு வீடு வீடாகப் போனோம். பதினொரு மணிக்குள் 38,500 ரூபா சேர்ந்தது. மீன் விற்றுவிட்டு வந்த பெண் ஒருவர் அன்றைய உழைப்பு முழுவதையும் போட்டார். பிறகு அதைக் கைமாற்றாக எழுதித் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒருவரும் வாங்கவில்லை.

ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரவு ஒரு பெடியன், "மாமான்ர ஏடிஎம் காட் இருக்குத்தானே, எடுப்பம்" என்றான். எடுக்கவில்லை. இறந்தவரின் கணக்கில் கை வைத்தால் அது சட்டத்துக்கு விரோதம். ஊர்க் காசு என்று சொல்லித் தப்ப முடியாது. யாராவது அவசரப்பட்டால் மறித்துவிடுங்கள்.

இறப்புப் பதிவில் சிக்கல் இருக்கவில்லை. வீட்டில் நடந்த சாவு என்பதால் கிராம அலுவலரின் பி 24 அறிக்கையை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவாளரிடம் பதிந்தோம். சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகள் ஐந்து எடுத்தோம். ஆறு எடுத்திருக்க வேண்டும்.

வங்கியில்தான் தொடங்கியது. எது என்று பெயர் சொல்ல விருப்பமில்லை. கணக்குக்கு மாமாவின் மனைவி, எங்கள் மாமிதான் பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பிறகு காசைப் பெறப் பெயர் குறிக்கப்பட்டவர். புத்தகத்தையும் சான்றிதழையும் கொடுத்தால் ஒரு கிழமையில் முடியும் என்று நம்பிப் போனோம். கவுண்டரில் இருந்தவர் பழைய படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இவ இல்லையே" என்றார். மாமி பக்கத்தில் நிற்கிறா. 2006இல் படிவம் நிரப்பியபோது மாமியின் பெயர் தகப்பன் பெயரோடு எழுதப்பட்டிருந்தது. பிறகு அடையாள அட்டை கிழிந்து புதிது எடுத்தபோது கணவன் பெயரோடு வந்தது. அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதான். ஆனால் அந்தப் படிவத்தில் இலக்கம் எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒரு கட்டம் எங்களுக்கு மூன்று மாதம் தின்றது.

கிராம அலுவலரின் கடிதம் போதும் என்றார்கள். கொண்டுபோனோம். வேறொருவர் அதைப் பார்த்து, போதாது, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். அதையும் முடித்துக்கொண்டு போனால் கணினி வேலை செய்யவில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம். மாடிப்படி ஏறி இரண்டு மணித்தியாலம் சுவரில் சாய்ந்து நின்றா. அடுத்த முறை, சத்தியக்கடதாசியோடு விவாகச் சான்றிதழும் வேண்டும் என்று மூன்றாமவர் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரே மேசையில் இருக்கிற மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், ஓட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிற வயது போன மனிசி என்ன செய்வா?

அன்றிலிருந்து ஒன்று பழகினேன். தேவையான பத்திரங்கள் முழுவதையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னவரின் பெயரையும் திகதியையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அவர்களுக்கே விடுபட்டது ஞாபகம் வரும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போன பிறகு புதிதாக எதையும் கேட்கவில்லை.

விவாகச் சான்றிதழ் 1990 இடம்பெயர்வில் போய்விட்டது. மாமி கலியாணம் செய்தது 1978இல், மூதூரில். பதிவு இலக்கம் தெரியாது, திகதி மட்டும் தெரியும். பஸ் ஏறிப் போனோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணம் சுகம், முந்தி கடலைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்துக் கிடப்போம். வழியெல்லாம் மாமி கலியாண நாளைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தா. அங்கே போனால், அவ்வளவு பழைய பதிவேடுகள் இங்கே இல்லை, திருகோணமலையில்தான் இருக்கும் என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம் போகிற இடம். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்க வேண்டிய விடயத்துக்கு ஒரு நாள் போனது. பழைய பதிவு தேடுகிறவர்கள், பதிந்த ஊருக்குப் புறப்பட முன் மாவட்ட மட்டத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கடைசியில் பிரதி கிடைத்தது. வங்கியில் இளம் பெண் உத்தியோகத்தர் ஒருவர் கவுண்டரை விட்டு வெளியே வந்து, மாமிக்குப் பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பித் தந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக யாரோ மாமியின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்கள். நன்றி தங்கச்சி.

இதற்கிடையில் சித்திரையில் இன்னொரு சாவு. துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிற ஒருவரின் தாய். கதிரையும் பந்தலும் கொடுத்தோம், 40,000 கொடுக்க முடியவில்லை. "பிறகு தாருங்கோ" என்றுதான் அவர் சொன்னார். ஆனால் பெட்டியைக் கடனுக்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிந்துதான் போனேன்.

காசு மாமியின் கைக்கு வந்தாலும் திரும்ப யாருடைய பெயரில் போடுவது? அதனால் சங்கத்தைப் பதிகிற வேலையையும் கூடவே தொடங்கியிருந்தோம். சங்கத்தின் விதிகளான யாப்பை எழுத உதவியவர் எங்கள் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். அவர் சொல்லித்தான் இந்தச் சங்கங்களின் பழைய கதையைத் தேடி வாசித்தேன். நாங்கள் பட்டதெல்லாம் மற்றவர்கள் எப்போதோ பட்டுத் தெளிந்தது. இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலத்தில் மான்செஸ்டர், லிவர்பூல் போன்ற நகரங்களின் தொழிலாளிகள் அடக்கச் செலவுக்கென்று கிழமைக்குச் சில பென்னிகள் கட்டினார்கள். அவர்களுக்கு இருந்த பயம் பெரிது. 1832இல் வந்த சட்டத்தின்படி, ஏழைகள் விடுதியில் செத்து, உரிமை கோர ஆளில்லாத ஏழையின் உடலை மருத்துவ மாணவர்கள் வெட்டிப் படிக்கக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குச் சோறு குறைத்தாவது அந்தப் பென்னியைக் கட்டினார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அவர்களுடைய பெட்டி. சங்கக் காசு வைக்கிற மரப்பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பும் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். வங்கிப் புத்தகம் எட்டாத காலத்து ஏழைகள் கண்டுபிடித்த வழி. நாங்கள் இவ்வளவு வசதி இருந்தும் ஒரே மனிதரின் பெயரில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தோம். 1793இலேயே அங்கே சங்கங்கள் தங்கள் விதிகளைப் பதிந்து சட்டப் பாதுகாப்புப் பெற வழி வந்துவிட்டது. 1875 சட்டம் பிள்ளைகளின் சாவுக்குக் கொடுக்கும் தொகைக்குக்கூட வரம்பு போட்டது. ஐந்து வயதுக்குக் கீழே 6 பவுண், பத்து வயதுக்குக் கீழே 10 பவுண். காசுக்காகப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற சந்தேகம். அதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. அந்த வழியில்தான் இலங்கைக்கும் 1891இல் சங்கங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. வருத்தத்தில் கிடக்கும் உறுப்பினருக்கும், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவ ஒருவருக்கொருவர் சந்தா சேர்ப்பதை அது அப்போதே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பதிகிற இடத்தில் யாப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் முறை, சங்கம் கலைந்தால் மிஞ்சும் காசும் கதிரையும் யாருக்கு என்று எழுதவில்லை. அது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் முறை, கூட்ட அறிக்கையில் கையெழுத்து மட்டும் இருக்கிறது, எதிரே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இல்லை என்றார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? பொதுக்கூட்டத்தைத் திரும்பக் கூட்டினோம். வேலை முடிந்து வந்த சனம் முகம் கழுவாமல்கூட வந்து வரிசையில் நின்று ஒப்பமிட்டது. 87 பேர். ஒருவர்கூடச் சினக்கவில்லை.

புதிய கணக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவரின் கையெழுத்து வேண்டும். கணக்குத் திறக்கப் பதிவுச் சான்றிதழ், யாப்பு, தீர்மானத்தின் பிரதி, மூவரின் அடையாள அட்டைப் பிரதி கேட்டார்கள். எல்லாம் கையில் இருந்ததால் ஒரே நாளில் முடிந்தது. வெள்ளி இரவுச் சாவுக்கு வங்கி உதவாது என்பதை மறக்க முடியாது. அதனால் 80,000 ரூபாவைக் கைக்காசாக வைத்திருக்க ஓர் இரும்புப் பெட்டி வாங்கினோம். இரண்டு ஆமைப்பூட்டு. ஒரு திறப்பு தலைவரிடம், மற்றது புதிய பொருளாளரிடம். உறுப்பினர் அட்டைகளையும் திரும்ப எழுதுகிறோம். பின்னுரித்தாளியின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, இலக்கத்தோடு. இந்த வேலையை மட்டும் நானே வீடு வீடாகப் போய்ச் செய்கிறேன்.

நேற்று வங்கி வாசலில் மாமியிடம் ஒரு நெருங்கிய உறவினர், "உங்கட பெயரில வந்த காசுதானே, அவசரப்படாதேங்கோ" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்தக் காசை மாமி வைத்துக்கொண்டிருந்தால் அதை மீட்பது எங்களுக்கு லேசாக இருந்திருக்காது. மாமி திரும்பிப் பார்த்து, "அது அவற்ற காசில்லை. அவர் காவல் இருந்த காசு" என்றா. பிறகு உள்ளே போய் ஒப்பமிட்டா.

முதல் 40,000 ரூபாவை இன்று காலை துறைமுகத் தொழிலாளியின் வீட்டில் கொடுத்தோம். திரும்பி வந்து நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது மாமி வாசலில் நின்றா, கையில் 500 ரூபா. மாமா போனதிலிருந்து ஐந்து மாதச் சந்தா நிலுவையாம். "மாமி, இதை விடுங்கோ" என்றேன். கேட்கவில்லை.

"பற்றுச்சீட்டு எழுதுங்கோ தம்பி. அவர் இருந்தா விடுவாரே?"

புதுப் புத்தகத்தின் முதல் சீட்டை மாமியின் பெயரில் எழுதினேன். அடையாள அட்டையில் உள்ளபடி, இலக்கத்தோடு.